கொழும்பில் ஒரு படக்குழு தொடங்குவது எப்படி: ஒரே கதையைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு

"இப்ப வாற படமெல்லாம் ஒரே மாதிரி." வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடுகளிலும் இதைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. உண்மைதான், எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நடிகரின் படத்துக்கு முதல்நாள் டிக்கெட் தேடுகிறோம், அந்த டிக்கெட்தான் இனி என்ன மாதிரிப் படம் எடுக்கலாம் என்று தயாரிப்பாளருக்குச் சொல்கிறது. அதனால் செய்யக்கூடிய ஒரு வேலையை இங்கே எழுதுகிறேன். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு படக்குழு தொடங்குவது, எதைப் பார்ப்பது, பார்த்த பிறகு எப்படிக் கதைப்பது, காசை எங்கே போடுவது, கடைசியில் ஒரு குறும்படம் வரைக்கும் எப்படிப் போவது, இவ்வளவும்தான்.

சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியது 1947 இல், ரேயின் முதல் படம் வந்தது 1955 இல். அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்திரலேகா என்ற சொசைட்டியை 1965 இல் ஆரம்பித்தார்கள், அவருடைய முதல் முழுநீளப் படம் 1972 இல் வந்தது. இன்றைக்கு மலையாளப் படங்களைப் பார்த்துவிட்டு "இவங்களுக்கு மட்டும் எங்கயிருந்து இப்படிக் கதை வருது" என்று கேட்கிறோமே, பதிலில் ஒரு பெரிய பங்கு அந்தச் சொசைட்டிகளுக்கு உண்டு. பார்க்கிறவர்கள் முதலில் சேர்ந்தார்கள், படம் பிறகு வந்தது.

ஏன் இப்படி ஆனது என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

குழுவில் முதல் நாளே இந்தக் கேள்வி வரும், "எழுதுறவங்களிடம் சரக்கு இல்லை" என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். அதை அப்படியே விடக் கூடாது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்துக்கான காசு எந்த இடத்தில் எப்போது உறுதியாகிறது என்பதில்தான் பிரச்சினை.

ஹொலிவூட்டை எடுங்கள். 2019 இல் உலகம் முழுக்க அதிகம் வசூலித்த பத்துப் படங்களில் ஏழு டிஸ்னி நிறுவனத்துடையவை, அந்த ஏழுமே தொடர்ச்சியாகவோ பழைய கார்ட்டூனின் மறுபதிப்பாகவோ ஏற்கெனவே இருந்த ஒரு கொமிக் உலகத்தின் இன்னொரு பகுதியாகவோதான் இருந்தன. முன்பெல்லாம் நடுத்தர பட்ஜெட் படம் தியேட்டரில் சறுக்கினாலும் டிவிடி விற்பனையில் மூச்சு விடும், அந்தத் தைரியத்தில் கம்பனிகள் ஒரு குடும்பக் கதையையோ நீதிமன்றக் கதையையோ எடுத்துப் பார்த்தன. ஸ்ட்ரீமிங் வந்து டிவிடி போனதும் அந்த இரண்டாவது வருமானம் போய்விட்டது. விளம்பரச் செலவும் ஏறிக்கொண்டே போக, மக்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த கதைதான் பாதுகாப்பு என்று ஆகிவிட்டது.

சென்னையில் கணக்கு வேறு, விளைவு அதேதான். பெரிய படம் ஒன்றில் முதலில் உறுதியாவது நடிகரின் கோல்ஷீட், அதாவது அவர் நடிக்க ஒதுக்கும் நாட்கள். அந்தப் பெயரை வைத்து ஓடிடி உரிமை, தொலைக்காட்சி உரிமை, பாட்டு உரிமை, வெளிநாட்டு உரிமை எல்லாம் விலை பேசப்படும், பல நேரம் படம் முடிவதற்கு முன்பே. இலங்கையும் அந்த வெளிநாட்டுக் கணக்கில் ஒரு வரி என்பதை மறக்க வேண்டாம். இத்தனைக்கும் பிறகு கதைக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு இருக்கும்? நடிகரின் அறிமுகம், இடைவேளைச் சண்டை, பாட்டு, எதிரியின் சாவு என்று கட்டங்கள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும், எழுதுகிறவர் அதை நிரப்புகிறார். தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் பல படங்கள் ஓடிடிக்குப் போய்விடுவதால் முதல் மூன்று நாள் வசூல்தான் எல்லாம். மெதுவாகப் பேச்சு பரவி மூன்றாவது வாரத்தில் கூட்டம் சேர்கிற படத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ரீமேக் என்பதே நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2004 இல் வந்த 'கில்லி' ஒரு தெலுங்குப் படத்தின் ரீமேக்தான், ஆனாலும் 2024 ஏப்ரலில் மறுபடி வெளியிட்டபோது அரங்குகள் நிறைந்தன. நன்றாக எடுத்தால் ரீமேக்கும் நிற்கும். இருபது வருடம் பழைய படம் புதுப் படங்களைவிட உற்சாகமாகத் தெரிந்ததே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

சரி, இதெல்லாம் மாறாது என்று யாராவது சொன்னால் நம்முடைய ஊரின் கதையைச் சொல்லுங்கள். முதல் சிங்களப் பேசும்படம் 1947 இல் வந்தது, தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், எடுத்த இடம் தென்னிந்தியா. அடுத்து வந்த பத்து வருடங்களில் பெரும்பாலான சிங்களப் படங்கள் அங்கேயுள்ள ஸ்டூடியோக்களில், தமிழ், ஹிந்திப் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரச திரைப்படப் பிரிவில் இருந்து விலகி வந்து, வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகிய நண்பர்களுடன் கமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய், 1956 இல் வந்த 'ரேகாவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். இங்கே வசூலில் அது தோற்றது. 1957 இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாப் போட்டிக்குப் போனது. அவர் விடவில்லை, 1963 இல் எடுத்த 'கம்பெரலிய' 1965 இல் டெல்லியில் தங்க மயில் விருது வாங்கியது. ஏழு வருட இடைவெளியில் ஒரு சினிமாவின் திசையே திரும்பியது, அதுவும் இதே கொழும்பில் இருந்து.

ஆட்களும் இடமும்

எட்டுப் பேரில் தொடங்குங்கள், பன்னிரண்டுக்கு மேல் போக விடாதீர்கள். அதற்கு மேல் போனால் நாலு பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். எல்லோரும் சினிமாப் பைத்தியமாக இருக்க வேண்டியதில்லை, உண்மையில் அப்படி இருந்தால் கூட்டம் கெட்டுவிடும். ஒரு ஆசிரியை, ஒரு கணக்காளர், வளாகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை, ஓய்வுபெற்ற ஒரு ஐயா, தொலைக்காட்சி நாடகம் பார்க்கிற ஒரு அக்கா, இப்படிக் கலந்து இருக்கட்டும். ஒரு சிங்கள நண்பராவது இருந்தால் மிகவும் நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீடுதான் சிறந்த இடம். வெள்ளைச் சுவரும், வாடகைக்கு எடுத்த ஒரு புரொஜெக்டரும் போதும், அதுவும் இல்லாவிட்டால் பெரிய டிவி. படத்தைவிட ஒலிக்குக் காசைச் செலவழியுங்கள், லப்டொப்பின் ஒலியில் நல்ல படம்கூடச் செத்துப்போகும். ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கினால் படம் முடிந்து பிளேன்டீயோடு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, பஸ்ஸில் வந்தவர்களும் நேரத்தோடு வீடு போகலாம். பெண் பிள்ளைகள் தொடர்ந்து வர வேண்டும் என்றால் இந்த நேர விஷயத்தில் கவனமாக இருங்கள், இரவு எட்டு மணிக் காட்சி வைத்தால் மூன்றாவது மாதத்தில் ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

வீட்டுக்கு வெளியே, ஒரு மண்டபத்தில், தெரியாதவர்களையும் அழைத்துக் காட்டுவது என்றால் அது பொதுக்காட்சி. உரிமையாளரின் அனுமதி வேண்டும் (2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பாருங்கள்), பொதுக்காட்சிக்கான சான்றிதழ் பற்றியும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சுயாதீன இயக்குநர்களுக்கு நேரே எழுதிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டு, படம் முடிந்ததும் காணொளி அழைப்பில் பேச வருவீர்களா என்றும் சேர்த்துக் கேட்டால் சம்மதிக்கிறவர்கள் பலர். திருட்டுக் கொப்பியில் படம் பார்த்துவிட்டு நல்ல சினிமா வளரவில்லை என்று கவலைப்படக் கூடாது, இதைக் குழுவின் முதல் விதியாகவே வையுங்கள்.

எதைப் பார்ப்பது

ஒரே வகையாகப் போகாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு மாதம் அறிமுக இயக்குநரின் தமிழ்ப் படம், அடுத்த மாதம் உபதலைப்புடன் ஒரு சிங்களப் படம், பிறகு 1980க்கு முன்னால் வந்த ஏதாவது ஒன்று, பிறகு ஈரானோ கொரியாவோ கேரளமோ. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் படங்களைக் கொழும்புத் தமிழர் கட்டாயம் பார்க்க வேண்டும், நம்மைப் பற்றிச் சிங்கள சினிமா என்ன யோசித்திருக்கிறது என்று தெரியாமல் இந்த நகரத்தில் இருந்து படத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறைதான்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு ஒரு தனி வரிசை வையுங்கள். கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்து 1972 இல் வந்த 'குத்துவிளக்கு', சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் இருந்து எடுத்து 1977 இல் வந்த 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 1978 இல் வந்த 'வாடைக்காற்று'. எல்லாமே தேர்ந்த படங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சில இடங்களில் நடிப்பு மேடை நாடகம் போல இருக்கும். ஆனால் சென்னையின் அச்சில் வார்க்காமல் நம்முடைய ஊரையும் பேச்சையும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று நம்பியவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதை இளம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம், அதனால் வீட்டில் யாரிடமாவது பழைய பதிவு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள்.

ஏன் தேடித் தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், நல்ல படம் தானாக நம்மிடம் வந்து சேராது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது, தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது அதுதான் முதல் தடவை. சாதாரணத் தமிழ்ப் பார்வையாளர் அதைப் பார்க்கக் கிடைத்தது 2023 இல், ஓடிடியில், பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல். கற்பனை வற்றிவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்த அதே இரண்டு வருடமும் அந்தப் படம் இருந்தது.

பார்த்த பிறகு கதைப்பது எப்படி

குழு நிலைப்பதும் கலைவதும் இதில்தான். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது, தேநீர் போடுங்கள், கதிரைகளை வட்டமாக இழுத்துப் போடுங்கள். பிறகு குறைவாகப் பேசுகிற ஆளிடம் இருந்து தொடங்குங்கள். நிறையப் படம் பார்த்தவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தங்கள் கருத்தை விழுங்கிவிடுவார்கள்.

"நல்லா இருந்தது", "லாக்" என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று கேளுங்கள். சரியாக எந்தக் காட்சியில் மனசு வெளியே போனது? அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பல நேரம் காட்சி நீளமானதால் அலுத்திருக்காது, அடுத்தது என்ன என்று ஏற்கெனவே தெரிந்ததால் அலுத்திருக்கும். சில நேரம் அதற்கு நேர்மாறாக, படம் ஒன்றை அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்க, நாம் யாராவது வந்து வசனத்தில் சொல்லும்வரை காத்திருந்திருப்போம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் உங்கள் பார்வை மாறத் தொடங்கிவிட்டது.

இன்னொரு பயிற்சி, எனக்கு மிகவும் பிடித்தது. இடைவேளைக்கு முந்திய பத்து நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். பின்னணி இசை போனதும் அந்தக் காட்சியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இசை மட்டும்தான் நம்மைத் தூக்கியிருக்கிறது என்றால் அந்தக் காட்சி வெறுமையாக நிற்கும். நல்ல காட்சி என்றால் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்க்காமல் இருக்கிறார்கள், கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஆட்கள் சண்டை பிடித்தால் பயப்படாதீர்கள். 2025 இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' மாதிரி ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகில் போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, அறிமுக இயக்குநர் ஒருவர் சென்னையில் எடுத்தது, வசூலிலும் வென்றது. நம்முடைய பேச்சு அதில் சரியாக வந்திருக்கிறதா, அந்தக் குடும்பத்தை அவ்வளவு நல்லவர்களாகக் காட்டியது நியாயமா, நம்முடைய கதையை ஏன் அங்கே இருக்கிறவர் சொல்ல வேண்டியிருந்தது, இதில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் ஒரு மணித்தியாலம் போதாது. இந்த மூன்றாவது கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு

பெரிய நடிகரின் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வாரத்தில் பாருங்கள், அது எங்கேயும் போய்விடாது. சின்னப் படம் ஒன்று தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வந்தால் குழுவாக முதல் மூன்று நாளுக்குள் போங்கள். நூற்றுக்கணக்கான இருக்கைகள் உள்ள அரங்கில் பத்துப் பேர் என்ன மாற்றம் செய்வார்கள் என்று கேட்கலாம். வார நாள் பகல் காட்சியில் நாலு பேர் மட்டும் இருக்கிறபோது பத்துப் பேர் சேர்ந்து போனால், அந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிற முகாமையாளர் அதைக் கவனிக்கத்தான் செய்வார். வெளியே வரும்போது அவரிடம் இந்த மாதிரிப் படம் இன்னும் போடுங்கள் என்று நேரே சொல்லிவிட்டு வாருங்கள், வாய் திறந்து கேட்கிற ரசிகர் குறைவு.

ஓடிடியில் என்றால் தொடங்கிய படத்தை முழுமையாகப் பாருங்கள். எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பதை அந்தக் கம்பனிகள் கணக்கெடுக்கின்றன. அப்புறம், முதல் காட்சி முடிந்த கையோடு தியேட்டர் வாசலில் நின்று எடுக்கிற விமர்சனக் காணொளிகளை ஒரு மூன்று மாதத்துக்குப் பார்க்காமல் இருந்து பாருங்கள். அதற்குப் பதிலாகக் குழுவில் ஒவ்வொரு முறையும் ஒருவர், இரண்டு நாள் யோசித்துவிட்டு, இருநூறு சொல்லில் எழுதிப் போடட்டும்.

குறும்படம்

ஆறு ஏழு மாதம் சேர்ந்து பார்த்த குழுவில் யாராவது ஒருவருக்கு எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தே தீரும். உடனே பிடித்துக்கொள்ளுங்கள். 'பீட்சா' கார்த்திக் சுப்புராஜும் 'சூது கவ்வும்' நலன் குமாரசாமியும் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியில் இருந்து வந்தவர்கள், 2012, 2013 இல் தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த புதுக் காற்றில் அந்தப் போட்டியின் பங்கு பெரிது.

இங்கே எடுக்கப்படும் குறும்படங்களில் என்னை உண்மையாகவே வருத்தப்பட வைக்கிறது ஒன்று: கொழும்புப் பிள்ளைகள் கமராவின் முன்னால் நின்றதும் சென்னைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பேச்சு, கொட்டாஞ்சேனையில் ஒரு பேச்சு, மருதானையில் முஸ்லிம்களின் தமிழ், மலையகத்தில் இருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்களின் தமிழ், நடுவில் சிங்களத்துக்குத் தாவி மறுபடி தமிழுக்கு வருகிற வசனங்கள். இவ்வளவும் ஒரே பஸ்ஸில் கேட்கிற நகரம் இது, இதில் பெரும்பகுதி எந்தத் திரையிலும் வந்ததில்லை. கதை இல்லை என்று சொல்கிறவர்கள் 100 ஆம் இலக்க பஸ்ஸில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு போய்வரட்டும்.

முதல் படத்துக்குக் கட்டுப்பாடு வையுங்கள். பத்து நிமிடத்துக்குள், இரண்டு பேர், ஒரே இடம். துவக்கு, கனவு, முன்கதைக் காட்சி, கடைசியில் சாவு எதுவும் வேண்டாம், இவை இல்லாவிட்டால்தான் எழுதுகிறவருக்கு யோசிக்க வேண்டி வரும். வசனத்தை எழுதிவிட்டு, அதே பேச்சைப் பேசுகிற ஒருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள், அவர் தடுமாறும் இடமெல்லாம் பொய். போன் கமரா போதும், ஆனால் இன்னொரு போனை நடிகரின் சட்டைக்குள் வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், காலி வீதியின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இது இல்லாமல் முடியாது. ரயில் நிலையம், துறைமுகப் பக்கம், பாதுகாப்பு உள்ள கட்டடங்கள் ஆகியவற்றில் அனுமதி இல்லாமல் கமராவை எடுக்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கதை கேட்கலாமா என்று இளையவர்கள் கேட்பார்கள். 2023 இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் மே மாதம் முதல் செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு முக்கியக் காரணம், முடிவில் வந்த ஒப்பந்தம் இயந்திரம் உருவாக்கியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிடக் கூடாது என்று வைத்தது. என் கருத்து இதுதான்: கணக்குப் பார்க்க, படப்பிடிப்பு அட்டவணை போட, உபதலைப்பின் முதல் நகலுக்கு அதைப் பாவியுங்கள். கதையின் முதல் நகலை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வந்த ஆயிரம் படங்களின் சராசரியைத்தான் அது தரும், அந்தச் சராசரியில் இருந்து தப்பத்தானே குழுவே தொடங்கினோம்.

காட்டும் நாளைப் படப்பிடிப்புக்கு முன்பே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட்டிங் ஒருபோதும் முடியாது. அந்தச் சிங்கள நண்பரை இப்போது கூப்பிடுங்கள். சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் சிங்கள உபதலைப்பை ஒன்றிரண்டு பின்னேரங்களில் அவரோடு உட்கார்ந்து செய்துவிடலாம். ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வசனம் முடிவதற்கு முன் எழுத்து மறையக் கூடாது, வசவுச் சொற்களைச் சுத்தப்படுத்த வேண்டாம். முதல் காட்சிக்கு அவருடைய வீட்டாரையும் அழையுங்கள், அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முழிக்கிறார்கள் என்று பின் வரிசையில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து ஒரு தடவை வெட்டித் திருத்துங்கள். அதன் பிறகு 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவின் அறிவிப்பு எப்போது வருகிறது என்று பார்த்து, ஆங்கில உபதலைப்பும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.